எந்த வாசலில் கொண்டுபோய் விடுவது

"முகப்புப் பக்கத்தின் முகவரியை மட்டும் கொடுக்கவும். உள்பக்கங்களும் சப்டொமைன்களும் ஏற்கப்படமாட்டா." தளங்களைப் பிரிவு பிரிவாகப் பட்டியலிடும் இணைய டைரக்டரிகளில் தன் தளத்தைச் சேர்க்க முயன்றவர்களுக்கு இந்த இரண்டு வரிகள் மனப்பாடம். சப்டொமைன் என்பது ஒரு தள முகவரிக்கு முன்னால் இன்னொரு சொல்லும் புள்ளியும் சேர்த்து உண்டாக்கும் கிளை முகவரி. படிவத்துக்கு மேலேயே தடித்த எழுத்தில் நிற்கும். பல ஆண்டுகள் இந்த விதியோடு சண்டை போட்டிருக்கிறேன். பிறகு சில ஆண்டுகள் இதே விதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் அனுப்பியதைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். போன மாதம், ஒரு சிறிய துறைசார் டைரக்டரியில் நான் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு ஓர் உள்பக்கம் வந்து சேர்ந்தது. பழைய கேமரா லென்ஸில் படரும் பூஞ்சையைத் துடைத்தெடுக்கும் முறையைப் படிப்படியாக, படங்களோடு விளக்கும் பக்கம். அது இருந்த தளமோ ஒரு குடும்பத்தின் பயணப் படங்கள். முகப்பில் லென்ஸ் என்ற சொல்லே கிடையாது. ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று மூன்று நாள் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்று நாளில் தொடங்கியது.

எனக்கும் அப்படி ஒரு பக்கம் இருந்தது. பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு தளம் நடத்தினேன். அதில் அறுபது எழுபது பக்கங்கள். பெரும்பாலானவை வேறெங்கும் கிடைக்கக்கூடிய செய்திகள்தான். ஒரு பக்கம் மட்டும் விதிவிலக்கு. 1960-களிலும் 70-களிலும் வந்த பல கேமராக்களின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பட்டன் பேட்டரியை நம்பி வடிவமைக்கப்பட்டது. அந்த பேட்டரியின் சிறப்பு, தீரும்வரை அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பது. பாதரசம் நச்சு என்பதால் அமெரிக்காவில் 1996-இல் அவற்றின் விற்பனையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். மற்ற நாடுகளிலும் அவை கடைகளிலிருந்து மறைந்தன. அந்த இடத்தில் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் பல கேமராக்களில் மானி தவறாகக் காட்டும், பேட்டரி தீரத் தீர அந்தத் தவறின் அளவும் மாறிக்கொண்டே போகும். காதுகேள் கருவிக்கான 675 அளவு துத்தநாக-காற்று பேட்டரியை ஒரு வளையம் செருகிப் பொருத்தினால் ஓரளவு சரியாகும். சில கேமராக்களில் சமனச்சுற்று இருப்பதால் மின்னழுத்தம் மாறினாலும் கவலையில்லை. எந்த கேமரா எந்த வகை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஓர் அட்டவணை போட்டிருந்தேன். அந்த ஓர் அட்டவணைக்காக நான் செலவிட்ட மாலைகள் எத்தனை என்று இப்போது சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்தைத்தான் டைரக்டரிகளில் சேர்க்க விரும்பினேன், தளத்தை அல்ல. கையில் செத்துப்போன பேட்டரியோடு ஒருவர் தேடி வருகிறார் என்றால் அவரைத் தளத்தின் முகப்பில் நிறுத்தி, "உள்ளே எங்கோ இருக்கிறது, தேடிக்கொள்ளுங்கள்" என்பது நியாயமாகப் படவில்லை. வந்தவரை அவர் தேடும் வீட்டின் வாசலிலேயே கொண்டுபோய் விடுவதுதானே வழிகாட்டுதல், தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவதா என்பதே என் வாதம். அதை இன்றும் கைவிடவில்லை. ஆனால் அன்று அந்த வாதத்தை நேர்மையாக நடத்தினேனா என்று கேட்டால், இல்லை.

பச்சைப் பட்டையின் காலம்

இன்றைய வாசகர்களில் பலருக்கு டைரக்டரி என்றாலே பழைய சரக்கு. ஒரு காலத்தில் இணையத்தின் வரைபடமே அதுதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் தொடங்கிய மெய்நிகர் நூலகம், ஸ்டான்ஃபோர்டில் இரண்டு மாணவர்கள் 1994-இல் கைப்படத் தொகுத்து, பின்னர் யாஹூ ஆன பட்டியல், 1998-இல் தொடங்கி டீமாஸ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த திறந்த டைரக்டரி என்று எல்லாமே மனிதர்கள் ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்த்து, இரண்டு வரி விவரம் எழுதி, உரிய பிரிவில் வைத்தவை. கூகுளே பல ஆண்டுகள் டீமாஸின் தொகுப்பை எடுத்துத் தன் டைரக்டரியாகக் காட்டியது. அதனால் டீமாஸில் ஒரு வரி கிடைப்பது பெரிய விஷயம். யாஹூவிலோ 2001-இன் இறுதியிலிருந்து வணிகத் தளங்களுக்கு ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம்.

அதே காலத்தில்தான், உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் கருவிப்பட்டையில் அந்தப் பச்சைப் பட்டை வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குச் சுட்டி (இணைப்பு) போகிறது என்பதை வைத்து வரும் மதிப்பு அது; தளத்துக்கல்ல, பக்கத்துக்கு. இதைப் புரிந்துகொண்ட நாளில் உள்பக்கச் சுட்டி என்பதன் பொருளே மாறிப்போனது. வாசகரைக் கொண்டுவரும் வழியாக இருந்தது, மதிப்பெண்ணைக் கொண்டுவரும் குழாய் ஆனது. ஆயத்த நிரல் ஒன்றை நிறுவி ஒரே மாலையில் ஒரு டைரக்டரியைத் திறந்துவிடலாம் என்ற நிலை வந்ததும் ஆயிரக்கணக்கில் முளைத்தன. சாதாரணச் சேர்க்கைக்கு ஒரு கட்டணம், முகப்போடு ஐந்து உள்பக்கச் சுட்டிகளும் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் என்று விலைப்பட்டியல் போட்டார்கள். இலவசமாக உள்பக்கம் அனுப்பினால் விதிமீறல், பணம் கட்டினால் சிறப்புச் சேர்க்கை. அந்த முரணைப் பார்த்துக் கோபப்பட்டிருக்க வேண்டியவன் நான், பணம் கட்டினேன். பேட்டரிப் பக்கத்தோடு நிற்காமல், தளத்தில் இருந்த நாற்பது பக்கங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று விதமான தலைப்பு எழுதி, கண்ணில் பட்ட டைரக்டரிகளிலெல்லாம் சேர்த்தேன். அந்த நாற்பதில் முப்பதைத் திறந்து பார்க்கும் மனிதருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு தொகுப்பாளரின் கேள்வி

அப்படி அனுப்பியவற்றில் ஒன்று, கட்டணம் வாங்காத, உண்மையில் மனிதர்கள் நடத்திய ஒரு டைரக்டரிக்கும் போனது. ஒரே பிரிவுக்கு ஒரே நாளில் எட்டு பக்கங்கள் அனுப்பியிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கமாகத் தானியங்கி மறுப்புத்தான் வரும். இது ஒருவர் உட்கார்ந்து எழுதியது. எட்டையும் படித்திருந்தார். ஏழு பக்கங்களை எந்த விளக்கமும் இல்லாமல் தள்ளியிருந்தார். பேட்டரிப் பக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இந்தப் பக்கத்தை உங்கள் தளத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தனியாக வைத்தால், அது நிற்குமா?

முதலில் எரிச்சல்தான் வந்தது. நிற்காமல் என்ன, இதைவிட நல்ல பக்கம் இந்தப் பொருளில் எங்கே இருக்கிறது என்று பதில் எழுதத் தொடங்கினேன். எழுதிக்கொண்டே, அவர் பார்த்தபடி பார்ப்போம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரி, "சென்ற பகுதியில் பார்த்தபடி" என்று தொடங்கியது. அட்டவணையில் கேமராக்களின் பெயருக்குப் பதிலாக நானே வைத்துக்கொண்ட சுருக்கெழுத்துகள். அவற்றின் விளக்கம் வேறொரு பக்கத்தில். யார் எழுதியது, எப்போது எழுதியது, எந்த கேமராவை நேரில் சோதித்தேன், எதைக் கேள்விப்பட்டு எழுதினேன் என்று எதுவும் இல்லை. முகப்பு வழியாக, வரிசையாக வந்தவருக்கு மட்டுமே அது புரியும். வாசகரை நேரே இந்த வாசலில் இறக்கிவிடுங்கள் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்த வீட்டுக்கு நான் வாசலே வைத்திருக்கவில்லை.

பதிலை அனுப்பவில்லை. அடுத்த பத்து நாள் அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதினேன். சுருக்கெழுத்துகளை எடுத்துவிட்டு முழுப்பெயர்களைப் போட்டேன். சோதித்தவற்றையும் கேள்விப்பட்டவற்றையும் இரண்டு அட்டவணையாகப் பிரித்தேன். முகவரியில் கேள்விக்குறியும் எண்களுமாக இருந்ததை மாற்றி, பேட்டரி என்ற சொல் வரும் எளிய பாதையைக் கொடுத்து, பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பிவைக்கும் 301 திருப்பிவிடல் போட்டேன். பிறகு அதை மட்டும் மறுபடி அனுப்பினேன். அந்த டைரக்டரியில் எனக்குக் கிடைத்த ஒரே சேர்க்கை அதுதான். அவர் எழுதிய விவரக்குறிப்பு நான் அனுப்பியதைவிட நன்றாக இருந்தது. எங்கும் "சிறந்த", "முழுமையான" போன்ற சொற்கள் இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும்.

சாய்கோட்டை எண்ணி அளக்க முடியாது

உள்பக்கத்தைவிடச் சப்டொமைன் இன்னும் சிக்கலானது. டொமைனை வாங்கக் காசு வேண்டும், பதிவு வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சொல்லையும் புள்ளியையும் சேர்க்க எதுவும் வேண்டாம். தளப் பெயர்களை அவற்றின் கணினிகளோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரு நட்சத்திரக்குறி போட்டால் எந்தச் சொல்லைப் போட்டாலும் தளம் திறக்கும். ஒரே சரக்கை ஐம்பது சப்டொமைன்களில் கடைவிரித்து ஒவ்வொன்றையும் தனித்தளம் என்று அனுப்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். தொகுப்பாளர்கள் கதவைச் சாத்தியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கதவு யார் முகத்தில் சாத்தப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியே ஒரு சப்டொமைன்தான். ஒரு முழுக் கலைக்களஞ்சியம், தனக்கென்று பங்களிப்பாளர்கள், தனக்கென்று நெறிமுறைகள். விதியின் எழுத்தை மட்டும் பார்த்தால் வேறொரு தளத்தின் கிளை. பிளாக்ஸ்பாட்டிலும் வேர்ட்பிரஸ்.காமிலும் எழுதிய லட்சக்கணக்கானவர்கள் எல்லாரும் சப்டொமைனில் குடியிருந்தவர்கள். டொமைன் வாங்க வசதியோ கடன் அட்டையோ இல்லாத மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் ஆழமாக எழுதியவர்கள். பல்கலைக்கழகங்களில் இன்னும் பழைய வழக்கம் ஒன்று உண்டு: முகவரியில் அலைக்குறி போட்டு அதையடுத்துப் பேராசிரியரின் பெயர். வடிவத்தில் அது உள்பக்கம். உண்மையில் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த முழுத் தளம். சாய்கோடுகளையும் புள்ளிகளையும் எண்ணி எது தளம், எது பக்கம் என்று சொல்லிவிட முடியாது. உலாவிகளுக்கே இந்தச் சிக்கல் வந்தது. எந்த முகவரிக்குக் கீழ் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர் என்று தெரியாவிட்டால் ஒருவரின் குக்கீயை, அதாவது தளம் உலாவியில் விட்டுவைக்கும் குறிப்பை, இன்னொருவர் படித்துவிடலாம். அதற்காக மொசில்லா தொடங்கிய பொதுப் பின்னொட்டுப் பட்டியலில் கிட்ஹப்.ஐஓ போன்ற இலவச இடங்கள் ஒவ்வொன்றாகக் கையால் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எல்லை எங்கே என்று முகவரியே சொல்லிவிடும் என்றால் அப்படி ஒரு பட்டியல் தேவைப்பட்டிருக்காது.

சட்டத்திலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். முகப்பைத் தாண்டி உள்பக்கத்துக்கு நேரடியாகச் சுட்டி கொடுக்கக் கூடாது என்று நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர் 1997-இல் மைக்ரோசாஃப்ட்மீது வழக்குப் போட்டது. 1999-இல் சமரசமாக முடிந்தது. அதே நிறுவனம் டிக்கெட்ஸ்.காம்மீது போட்ட இன்னொரு வழக்கில், 2000-இல், சுட்டி கொடுப்பது மட்டுமே பதிப்புரிமை மீறலாகாது என்றது அமெரிக்க நீதிமன்றம். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2003-இல் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. உள்பக்கத்துக்குச் சுட்டி கொடுப்பது மட்டுமே பதிப்புரிமை மீறலல்ல என்று நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டபோது, டைரக்டரிகள் மட்டும் முகப்பிலேயே நின்றுகொண்டிருந்தன.

மேசையின் மறுபக்கம்

2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் தன் தேடல் வரிசைப்படுத்தும் முறையில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. காசுக்கு வாங்கிய, தரமில்லாத டைரக்டரிச் சுட்டிகளெல்லாம் ஒரே நாளில் பாரமாக மாறின. நான் பரப்பி வைத்திருந்த நாற்பது பக்கங்களும் அதில் சிக்கின. தேடலில் என் தளமே கீழே போனது. நீக்கச் சொல்லி எழுதினேன். சில டைரக்டரிகள் பதிலே தரவில்லை. சில, நீக்குவதற்கும் கட்டணம் கேட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் சுட்டிகளைக் கைவிடும், அதாவது இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லும், கருவி ஒன்றை கூகுள் கொடுத்தது. பட்டியல் போட்டுக் கைவிட்டேன். அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்ட டைரக்டரி ஒன்றே ஒன்று. எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதன்பிறகுதான் தொகுப்பாளராகப் போனேன். கேட்டுப் போனதுதான், யாரும் அழைக்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்த பின்பு விதியின் நியாயம் விளங்கியது. முகப்பு முகவரி நிலைக்கும்; உள்பக்கங்கள் மென்பொருள் மாறும்போதெல்லாம் இடம் மாறும். முகவரிகளை மாற்றாதீர்கள் என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதி வைத்தார்; கேட்டவர்கள் குறைவு. என் பிரிவில் நூற்றைம்பது சேர்க்கைகள் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பார்ப்பேன். செத்துப்போன சுட்டிகளில் பாதிக்கு மேல் உள்பக்கங்கள். அவற்றில் பல உண்மையில் சாகவில்லை. அதே தளத்தில் வேறொரு பாதையில் இருந்தன. தேடிக் கண்டுபிடித்து மாற்றுவது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம். டீமாஸ் 2017 மார்ச்சில் மூடப்பட்டபோது அதில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அந்த அளவில் உள்பக்கங்களையும் தாராளமாக அனுமதித்திருந்தால் பராமரிக்க எத்தனை கைகள் வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களும் முற்றாக மறுக்கவில்லை. அந்தப் பிரிவுக்கு அந்த உள்பக்கம் தனியே கனமான, வேறெங்கும் கிடைக்காத செய்தியைத் தருகிறது என்றால் தொகுப்பாளர் சேர்க்கலாம் என்று இடம் வைத்திருந்தார்கள். முடிவு ஒரு மனிதரின் பொறுப்பில் இருந்தது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. விதியை நிரலில் எழுதி, முகவரியில் சாய்கோடு இருந்தாலே படிவம் சிவப்பாகி மறுக்கும்படி செய்தவர்கள், தொகுப்பாளரின் வேலையையே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

இப்போது உள்பக்கம் ஒன்று வந்தால் நான் பார்ப்பவை கொஞ்சம்தான். முகப்பை முன்பே சேர்த்திருக்கிறோமா; அப்படியென்றால் இந்தப் பக்கம் போகும் பிரிவு அதிலிருந்து வேறுபட்டதா. ஒரே பக்கம் டபிள்யூடபிள்யூடபிள்யூவோடும் இல்லாமலும் இரண்டு முகவரியில் திறக்கிறதா, எது அசல் என்று பக்கமே சொல்கிறதா. அனுப்பியவர் ஒரே பக்கத்தை அனுப்பினாரா, தளத்தையே பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து அனுப்பினாரா. இதையெல்லாம் பார்த்த பிறகு, அன்று எனக்கு வந்த அந்தக் கேள்வியை வைத்துப் பக்கத்தைப் படிக்கிறேன். சப்டொமைன் என்றால், அதற்குள் ஒரு தனி ஆளோ தனி வேலையோ இருக்கிறதா என்று மட்டும்.

லென்ஸ் பூஞ்சைப் பக்கத்துக்கு வருகிறேன். அது நின்றது. எந்தத் திரவம் எந்தப் பூச்சைக் கெடுக்கும், எப்போது தொடாமல் விட்டுவிட வேண்டும், பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிட்டால் துடைத்தும் தடம் போகாது என்பதுவரை அதிலேயே இருந்தது. முன்னும் பின்னும் எதையும் படிக்கத் தேவையில்லை. ஆனாலும் தயங்கியதற்குக் காரணம், முகவரி. கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு நீண்ட எண். நாளைக்கே அவர் தளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றினால் இந்தப் பக்கம் காணாமல் போகும். முகப்புக்குப் போய்த் தேடினாலும், பயணப் படங்களுக்கு நடுவே யாரும் கண்டுபிடிக்க முடியாது. நான்காம் நாள் அவருக்கு எழுதினேன். பக்கத்தை ஏற்க விரும்புகிறேன், இந்த முகவரி நிலைக்குமா என்று கேட்டேன். திருப்பிவிடல் போடும் முறையையும் என் பேட்டரிப் பக்கத்துக்கு நான் எழுதிய அந்த ஒற்றை வரியோடு சேர்த்து அனுப்பினேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு புது முகவரி மட்டும் வந்தது: தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, லென்ஸ்-பூஞ்சை. பழைய முகவரியை அடித்துப் பார்த்தேன். நேராகப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. கூடவே, பக்கத்தின் அடியில் இதுவரை இல்லாத ஒரு வரி: எந்த ஆண்டு எழுதப்பட்டது, எத்தனை லென்ஸ்களில் செய்து பார்க்கப்பட்டது. அதைச் சேர்க்கச் சொல்லி நான் கேட்டிருக்கவில்லை. விவரக்குறிப்பை அன்றிரவே எழுதினேன்: "லென்ஸ் பூஞ்சையை அகற்றும் முறை, படங்களுடன், எப்போது அகற்ற முயலக்கூடாது என்பதும்."